சன் 3/60 பெட்டிக்குள் இருப்பது 1325-ஆ, 1355-ஆ? பழைய வொர்க்ஸ்டேஷன் ஹார்ட் டிஸ்க் எந்த இன்டர்ஃபேஸ் என்று கண்டுபிடிக்க உதவுங்கள்

#1 பழம்பெட்டி

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் துறை ஆய்வகத்துக்கு வெள்ளையடிக்கிறார்கள். மாடிப்படிக்குக் கீழே பூட்டிக் கிடந்த அறையைக் காலி செய்தபோது, எடைக்குப் போட ஒதுக்கி வைத்த குவியலிலிருந்து மூன்று பொருட்களைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன்.

ஒன்று, சன் 3/60 வொர்க்ஸ்டேஷன். கூடவே அதன் வெளி டிஸ்க் பெட்டி. 'ஷூபாக்ஸ்' என்பார்களே, அதுதான். இரண்டாவது ஒரு எஸ்ஜிஐ இண்டி, அதுவும் வொர்க்ஸ்டேஷன்தான். மூன்றாவது, ஒரு அட்டைப்பெட்டியில் தனியாகக் கிடந்த ஹார்ட் டிஸ்க்.

சன் பெட்டிதான் எனக்கு முக்கியம். ஓய்வு பெற்றுவிட்ட எங்கள் சார், வெப்பக் கடத்தல் பற்றி எழுதிய ஃபோர்ட்ரான் நிரல்கள் எல்லாம் அந்த டிஸ்க்கில் இருந்தன என்கிறார். அச்சிட்டு வைத்த காகிதக் கட்டில் பாதியைக் கரையான் தின்றுவிட்டது. மிச்சப் பாதியை அவரே என்னிடம் கொடுத்து, "மீதி அந்தப் பெட்டிக்குள்ள இருக்குப்பா" என்றார்.

டிஸ்க்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ்களில் எனக்குத் தெரிந்தது ஐடிஇ, சாட்டா, கொஞ்சம் ஸ்கசி. ஷூபாக்ஸின் பின்னால் மூன்று வரிசைப் பின் கொண்ட 50 பின் கனெக்டர் இருக்கிறது. ஆகவே உள்ளே இருப்பது ஸ்கசி டிஸ்க் என்று நினைக்கிறேன். டிஸ்க்கைக் கழற்றி ஸ்கசி கார்டு போட்ட பிசியில் மாட்டலாமா? இன்னும் எதற்கும் பவர் கொடுக்கவில்லை.

#2 காந்தவட்டு

தம்பி, பவர் கொடுக்காமல் இருந்தீர்களே, அதற்கே முதலில் நன்றி. இன்னும் இரண்டு நாள் அப்படியே இருங்கள்.

பெட்டியின் பின்னால் இருக்கும் கனெக்டர் பெட்டியைப் பற்றித்தான் சொல்லும். உள்ளே இருக்கும் டிஸ்க்கைப் பற்றி அது எதுவும் சொல்லாது. சன் 3 காலத்து ஷூபாக்ஸில் டிஸ்க் நேரடியாக ஸ்கசி பேசாது. நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் போர்டு உட்கார்ந்திருக்கும். வெளியே ஸ்கசி, உள்ளே வேறொன்று. மூடியைத் திறந்து மூன்று விஷயம் பார்த்து எழுதுங்கள். டிஸ்க்கின் பின்புறம் எத்தனை கேபிள் வருகிறது, ஒவ்வொன்றிலும் எத்தனை பின், அந்தக் கேபிள்கள் எங்கே போய் முடிகின்றன. எதையும் கழற்றுவதற்கு முன்னால் நான்கு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள். கேபிளின் சிவப்புக் கோடு எந்த ஓரத்தில் இருக்கிறது என்பது படத்தில் தெரிய வேண்டும்.

#3 பழம்பெட்டி

திறந்தேன். நீங்கள் சொன்னது சரிதான், சார்.

முழு உயர ஐந்தேகால் அங்குல டிஸ்க். கையில் எடுத்தால் செங்கல் கனம். பின்னால் இரண்டு ரிப்பன் கேபிள். அகலமானதில் 34, குறுகலானதில் 20. இரண்டுமே டிஸ்க் போர்டின் ஓரத்தில் தங்கமுலாம் பூசிய பட்டைகளின் மேல் செருகும் வகை. இரண்டும் போய்ச் சேர்வது டிஸ்க்குக்குக் கீழே படுத்திருக்கும் ஒரு பச்சை போர்டுக்கு. அந்தப் போர்டிலிருந்து 50 பின் ரிப்பன் ஒன்று பின் கனெக்டருக்குப் போகிறது. பக்கத்தில் ஒரு கால் அங்குலக் கார்ட்ரிட்ஜ் டேப் டிரைவ். அதற்கும் தனியாக ஒரு சின்ன போர்டு, அதற்கும் 50 பின் கேபிள். அதாவது பெட்டிக்குள் 50 பின் கேபிள் ஒன்றுக்கு மேல் ஓடுகிறது, குழப்பமாக இருக்கிறது.

டிஸ்க் லேபிளில் மைக்ரோபோலிஸ் என்று தெரிகிறது. மாடல் எண்ணில் மூன்றாவது இலக்கம் ஈரம் பட்டு அழிந்திருக்கிறது. 13, அப்புறம் ஒரு கறை, அப்புறம் 5.

#4 மின்தடை

34 + 20 என்றால் எம்எஃப்எம்தான் நண்பா, யோசிக்கவே வேண்டாம். சீகேட்டின் எஸ்டி-506 வழி வந்த இன்டர்ஃபேஸ், 1980-ல் ஆரம்பித்தது. பீகிள்போன் என்ற சின்னக் கணினி போர்டு வைத்துச் செய்த எம்எஃப்எம் ரீடர் ஒன்று என்னிடம் இருக்கிறது. டிஸ்க்கை மட்டும் எனக்கு அனுப்பினால் ஒரே நாளில் இமேஜ் (முழு டிஸ்க்கின் நகல் கோப்பு) எடுத்துத் தருகிறேன். அந்தப் பச்சை போர்டு தேவையே இல்லை.

#5 காந்தவட்டு

மின்தடை, உதவ முன்வந்ததற்கு மகிழ்ச்சி. ஆனால் "யோசிக்கவே வேண்டாம்" என்ற இடத்தில்தான் நாம் நின்று யோசிக்க வேண்டும்.

34 + 20 என்ற கேபிள் ஜோடியை இரண்டு இன்டர்ஃபேஸ்கள் பயன்படுத்தின. ஒன்று நீங்கள் சொல்லும் எஸ்டி-506. இன்னொன்று அதற்குப் பின்னால் மேக்ஸ்டர் கொண்டுவந்த இஎஸ்டிஐ. அதே கேபிள், அதே பட்டை, அதே வெட்டு. ஒன்றின் கேபிள் மற்றதில் சுகமாக மாட்டிக்கொள்ளும். கம்பிக்குள் ஓடுவது மட்டும் வேறு.

எஸ்டி-506 டிஸ்க் தலையில் படும் துடிப்பைக் கிட்டத்தட்ட அப்படியே 20 பின் கேபிளில் அனுப்பிவிடும். எது பூச்சியம், எது ஒன்று என்று பிரித்தெடுக்கும் வேலை கண்ட்ரோலருடையது. இஎஸ்டிஐ டிஸ்க்கில் அந்தப் பிரிப்பான் டிஸ்க்குக்குள்ளேயே இருக்கிறது. கேபிளில் வருவது பிரித்த பிட்டும் அதோடு கடிகாரத் துடிப்பும். நீளமான கேபிளில் துடிப்பு மங்கும் கவலை இல்லாததால் வேகத்தை ஏற்ற முடிந்தது. எம்எஃப்எம் வினாடிக்கு 50 லட்சம் பிட். இஎஸ்டிஐ 1 கோடியில் தொடங்கி அதற்கு மேலும் போனது. துடிப்பை எதிர்பார்க்கும் ரீடரிடம் இஎஸ்டிஐ டிஸ்க்கைக் கொடுத்தால் அதற்கு ஒன்றும் விளங்காது.

இப்போது பழம்பெட்டியின் கறைக்கு வருகிறேன். மைக்ரோபோலிஸ் 1325 என்று ஒன்று உண்டு, எம்எஃப்எம். மைக்ரோபோலிஸ் 1355 என்று ஒன்று உண்டு, இஎஸ்டிஐ. இரண்டும் முழு உயரம், இரண்டிலும் 8 தலை, 1024 சிலிண்டர் (தலைகள் ஒரே இடத்தில் நின்று படிக்கும் வட்டங்களின் தொகுதி). இரண்டையுமே சன் கம்பெனி ஷூபாக்ஸில் போட்டு விற்றது, 71 எம்பி என்றும் 141 எம்பி என்றும். அழிந்திருக்கும் அந்த ஓர் இலக்கத்தில்தான் முழு விடையும் இருக்கிறது.

#6 பனங்கூடல்

வணக்கம், நான் டொராண்டோவில இருந்து எழுதுறன். இஞ்ச ஒரு பழைய கணினிச் சேகரிப்பில தன்னார்வலரா வேலை செய்யிறன். சன் 3 பெட்டி நாலைஞ்சு என்ர கையால திறந்திருக்கிறன்.

லேபிளை விடுங்கோ. அந்தப் பச்சை போர்டில என்ன எழுதியிருக்கு எண்டு பாருங்கோ. அடாப்டெக் ஏசிபி-4000 எண்டால் டிஸ்க் எம்எஃப்எம். எமுலெக்ஸ் எம்டி21 எண்டால் இஎஸ்டிஐ. சன் 3 ஷூபாக்ஸில நான் கண்டது இந்த ரெண்டும்தான். டிஸ்க்கின்ர பேர் அழிஞ்சு போகலாம், அது பேசுற ஆளின்ர பேர் போர்டில அச்சடிச்சு இருக்கும்.

டேப்புக்குப் பக்கத்தில இருக்கிற சின்ன போர்டு எமுலெக்ஸ் எம்டி-02 ஆக இருக்க வேணும். அதிலயிருந்து டேப் டிரைவுக்குப் போற 50 பின் கேபிள் ஸ்கசி இல்லை. அது க்யூஐசி-36 எண்ட டேப் இன்டர்ஃபேஸ். அதில ஸ்கசி சாமான் எதையும் கொழுவிப் போடாதேங்கோ. டேப்பையும் இப்ப ஓட்ட வேண்டாம். அந்த டிரைவுகளில ரப்பர் உருளை காலம்போகப் பாகாய் உருகி, நாடாவில ஒட்டிப் பிடிக்கும்.

#7 பழம்பெட்டி

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். போர்டில் எமுலெக்ஸ் என்று இருக்கிறது. ஓரத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் எம்டி21. 34 பின் கனெக்டர் ஒன்றுதான், ஆனால் 20 பின் கனெக்டர் இரண்டு இருக்கிறது. ஒன்று காலியாக நிற்கிறது.

ஆக, 1355. இஎஸ்டிஐ. அப்படித்தானே?

#8 காந்தவட்டு

அப்படியேதான். 34 பின் கேபிள் கட்டளைக் கேபிள். எல்லா டிஸ்க்குக்கும் அது பொது, ஒன்றிலிருந்து ஒன்றாகத் தாவிப் போகும். 20 பின் கேபிள் தரவு. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தனி. அதனால்தான் இரண்டாவது 20 பின் காலியாக இருக்கிறது. இன்னொரு டிஸ்க் போட இடம் வைத்திருக்கிறார்கள்.

ஒரு கணக்கும் போட்டுப் பார்த்துவிடுவோம், பிறகு உதவும். இந்த டிஸ்க் நிமிடத்துக்கு 3600 சுற்று, வினாடிக்கு 60. எம்எஃப்எம் வேகத்தில் ஒரு சுற்றுக்கு 10,416 பைட் எழுதலாம். செக்டர் தலைப்பு, இடைவெளி எல்லாம் போக 512 பைட் செக்டர் 17 கிடைக்கும். வேகம் இரட்டித்தால் ஒரு சுற்றுக்கு 20,832 பைட். சன் இந்த 1355-க்கு ஒரு டிராக்குக்கு 34 செக்டர் வைத்தது. சரியாக இரண்டு மடங்கு. தரவுக்கு ஒதுக்கியது 1018 சிலிண்டர். 1018 × 8 × 34 = 2,76,896 செக்டர். அதை 512-ஆல் பெருக்கினால் 14,17,70,752 பைட். இமேஜ் எடுத்து முடித்தபின் கோப்பின் அளவு இதுவாக இருக்க வேண்டும். தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

#9 மின்தடை

ஒத்துக்கொள்கிறேன், அவசரப்பட்டுவிட்டேன். 1355-ஐ என் ரீடர் படிக்காது. டிஸ்க்கை மட்டும் கழற்றி அனுப்பியிருந்தால் கொரியர் அலைச்சலில் அதன் தலைக்கு என்ன ஆகியிருக்குமோ.

ஆனால் ஒரு சந்தேகம். ஒருவேளை அது 1325 ஆகவே இருந்திருந்தால், பச்சை போர்டு இல்லாமல் வேறு ஏதாவது எம்எஃப்எம் கார்டில் மாட்டிப் படித்திருக்கலாம்தானே? எம்எஃப்எம் எல்லாம் ஒன்றுதானே?

#10 காந்தவட்டு

இதற்கு நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்லித்தான் பதில் சொல்ல முடியும்.

1990-களின் தொடக்கத்தில் நான் சர்வீஸில் இருந்தேன். ஓர் அலுவலகத்தில் கண்ட்ரோலர் கார்டு செத்துவிட்டது. டிஸ்க் நன்றாக இருந்தது. கையில் வேறு கம்பெனியின் எம்எஃப்எம் கார்டு இருந்தது, கேபிள் அப்படியே பொருந்தியது. மாட்டினார்கள். டிஸ்க் சுற்றியது, தலை நகர்ந்தது, திரையில் "இந்த டிஸ்க் ஃபார்மட் செய்யப்படவில்லை, செய்யலாமா?" என்ற கேள்வி வந்தது. அருகில் இருந்தவர் ஆம் என்று அழுத்திவிட்டார். மூன்று வருடக் கணக்கு. அடுத்த அறையிலிருந்து நான் வருவதற்குள் முதல் நூறு சிலிண்டர் போய்விட்டது. அந்த டிஸ்க் ஃபார்மட் ஆகும்போது தலை ஒவ்வொரு படியாக நகரும் டக், டக் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

எம்எஃப்எம் என்பது பிட்டை எப்படி எழுதுவது என்ற முறை மட்டும்தான். செக்டருக்கு முன்னால் என்ன தலைப்பு, அதில் என்ன சரிபார்ப்பு எண், எந்த வரிசை என்பதை ஒவ்வொரு கண்ட்ரோலர் கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொண்டது. ஒரு கார்டு எழுதியது இன்னொரு கார்டுக்கு வெற்று டிஸ்க்காகத் தெரியும். அதனால் இன்டர்ஃபேஸ் என்ன என்று கேட்டால் நான் கேபிளை மட்டும் பார்க்க மாட்டேன். டிஸ்க்கையும் அது கடைசியாகப் பேசிய போர்டையும் ஒரே பொருளாகத்தான் பார்ப்பேன். அந்த இரண்டையும் பிரிக்கவே கூடாது. எடைக்குப் போடுகிறவர்கள் முதலில் பிரிப்பது அந்த இரண்டைத்தான் என்பது எனக்குத் தீராத வருத்தம்.

உங்கள் பீகிள்போன் ரீடர் இதில் நல்ல பொருள். அது துடிப்பையே பதிவு செய்துகொண்டு, எந்தக் கம்பெனியின் தலைப்பு என்று பிறகு ஆராய்கிறது, டிஸ்க்கில் எழுதுவதில்லை. உண்மையான எம்எஃப்எம் டிஸ்க் வந்தால் முதலில் உங்களிடம்தான் அனுப்பச் சொல்வேன்.

#11 பழம்பெட்டி

படித்தபோது கை சில்லிட்டுப் போனது. பச்சை போர்டின் திருகைக்கூடத் தொடவில்லை, சார்.

இப்போது அட்டைப்பெட்டி டிஸ்க். இதுவும் ஐந்தேகால் அங்குலம், ஆனால் பாதி உயரம். பின்னால் ஒரே ஒரு 50 பின் கனெக்டர், இரண்டு வரிசை, 25 + 25. டிஜிட்டல் என்று லேபிள், ஆர்எஃப்31 என்று எண். இது சந்தேகமில்லாமல் ஸ்கசிதானே? இதை முதலில் பிசியில் மாட்டிப் பழகிக்கொண்டு, அப்புறம் சன் டிஸ்க்குக்கு வரலாம் என்று நினைத்தேன்.

#12 பனங்கூடல்

ஐயோ, மாட்டிப் போடாதேங்கோ! அது ஸ்கசி இல்லை.

டிஜிட்டல் எண்டு லேபிள் போடுற டெக் கம்பெனி எழுத்திலேயே எல்லாம் சொல்லி வைச்சிருக்கு. ஆர்டி எண்டு தொடங்கினால் எம்எஃப்எம். ஆர்இசட் எண்டால் ஸ்கசி. ஆர்எஃப் எண்டால் டிஎஸ்எஸ்ஐ, டெக் தன்ர வாக்ஸ் மெஷினுகளுக்கெண்டே செய்த பஸ். ஆர்ஏ எண்டால் பெரிய அலமாரி டிஸ்க், அது இன்னொரு கதை. டிஎஸ்எஸ்ஐயும் ஸ்கசியும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளையள் மாதிரி. ரெண்டுக்கும் 50 பின், ரெண்டிலயும் 8 பிட் அகலம், ரெண்டிலயும் 0 முதல் 7 வரை எண். ஆனால் பேசுற மொழி வேற. ஸ்கசி கார்டுக்கு அந்த டிஸ்க்கோட கதைக்கவே ஏலாது.

ஆர்எஃப்31 எண்டால் 381 எம்பி. மைக்ரோவாக்ஸ் 3300, 3400, வாக்ஸ் 4000 மாதிரி மெஷினில இருந்து கழட்டினதா இருக்கும். உங்கட கல்லூரியில வாக்ஸ் ஏதும் இருந்ததோ எண்டு சாரிட்டக் கேட்டுப் பாருங்கோ.

சுவாரசியமான ஒண்டு சொல்லட்டே? உங்கட 1355-இன்ர தம்பி 1325-ஐத்தான் டெக் ஆர்டி53 எண்டு பேர் மாத்தி வித்தது. மேக்ஸ்டர் எக்ஸ்டி-2190 தான் ஆர்டி54. அதால டெக் லேபிளுக்குக் கீழ, டிஸ்க்கின்ர உடம்பில, செய்த கம்பெனியின்ர லேபிளும் இருக்கோ எண்டு எப்பவும் தேடுங்கோ.

#13 சாலிடர்புகை

பனங்கூடல் அக்கா சொன்ன எழுத்து விஷயத்தில் நானும் ஒன்று சேர்க்கிறேன். சீகேட் டிஸ்க் என்றால் எண்ணின் கடைசி எழுத்தைப் பாருங்கள். எஸ்டி-225 என்று வெறுமனே நின்றால் எம்எஃப்எம். எஸ்டி-238ஆர், அந்த ஆர் என்றால் ஆர்எல்எல், பிட்டை இன்னும் நெருக்கமாக எழுதும் முறை. அதே 34 + 20 கேபிள், ஆனால் டிராக்குக்கு 17-க்குப் பதில் 26 செக்டர். என் என்றால் ஸ்கசி, ஏ என்றால் ஐடிஇ, ஈ என்றால் இஎஸ்டிஐ. எஸ்டி-157 என்ற ஒரே டிஸ்க் ஏ, என், ஆர் என்று மூன்று வால் போட்டுக்கொண்டு வந்தது. என்னிடம் ஏ-யும் என்-னும் இருக்கின்றன. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பின் எண்ணிக்கையில்தான் வித்தியாசம் தெரியும், 40-க்கு 50.

மேக்ஸ்டரிலும் இப்படித்தான். எக்ஸ்டி-8760எஸ் ஸ்கசி, எக்ஸ்டி-8760ஈ இஎஸ்டிஐ.

#14 பழம்பெட்டி

சாரிடம் கேட்டேன். அடுத்த கட்டடத்தில் ஒரு வாக்ஸ் இருந்ததாம், அது எப்போதோ போய்விட்டது. ஆர்எஃப்31-ஐத் துணியில் சுற்றி அதே பெட்டியில் வைத்து, மேலே "டிஎஸ்எஸ்ஐ, ஸ்கசி அல்ல" என்று எழுதிவிட்டேன்.

அப்படியானால் 50 பின் என்றாலே சந்தேகப்பட வேண்டியதுதானா? இண்டியையும் திறந்து பார்த்தேன். மூன்றரை அங்குல டிஸ்க், அதிலும் 50 பின்.

#15 சாலிடர்புகை

இண்டியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அது சாதாரண ஸ்கசி. உள்ளே வெஸ்டர்ன் டிஜிட்டல் 33சி93 சிப் இருக்கும். மெஷின் உயிரோடு இருந்தால் அதன் இயங்குதளமான ஐரிக்ஸில் 'ஹின்வ்' என்ற கட்டளை கொடுங்கள், கண்ட்ரோலர் பெயரையும் டிஸ்க்கையும் அதுவே வரிசையாகச் சொல்லிவிடும்.

ஆனால் 50 பின், 68 பின் எதுவானாலும் இன்னொரு பள்ளம் இருக்கிறது. உயர் மின்னழுத்த டிஃபரன்ஷியல் ஸ்கசி, அதாவது ஒவ்வொரு சிக்னலையும் இரண்டு கம்பியில் அனுப்பும் வகை. ஹெச்பி 9000/735 போன்ற மெஷின்களில் வரும். கனெக்டர் அச்சு அசல் அதேதான். சாதாரண ஸ்கசியோடு சேர்த்தால் இரண்டில் ஒரு பக்கம் எரியலாம். ஒருமுறை தெரியாமல் சேர்த்து, கார்டிலிருந்து வந்த நாற்றம் அறையை விட்டுப் போக ஒரு நாள் ஆனது. கார்டு திரும்பவில்லை.

அதற்குப் பிறகு என் பழக்கம் இது. டிஸ்க்குக்கு எந்தக் கேபிளும் இல்லை, பவரும் இல்லை. மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் இடத்தில் வைத்து, ஒரு முனையை டிஸ்க்கின் பவர் கனெக்டரில் கறுப்புக் கம்பி வரும் பின்னில் வைப்பேன். இன்னொரு முனையால் 50 பின் கனெக்டரின் ஒற்றைப்படைப் பின்களை ஒவ்வொன்றாகத் தொடுவேன்: 3, 5, 7, 9 என்று. சாதாரண ஸ்கசியில் 25-ஐத் தவிர அத்தனை ஒற்றைப்படைப் பின்னும் கிரவுண்ட். மீட்டர் வரிசையாகக் கூவும். டிஃபரன்ஷியலில் அதே பின்களில் தரவுக் கம்பி ஓடுகிறது, மீட்டர் கூவாது. இரண்டு நிமிட வேலை. முதல் பின்னை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள், அது இரண்டிலும் கிரவுண்ட்.

#16 மின்தடை

பழம்பெட்டிக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் பின்னால் தேடி வருகிறவர்களுக்காக: எஸ்ஜிஐ ஓ2, ஆக்டேன், சன் எஸ்பார்க்ஸ்டேஷன் 20, அல்ட்ரா 2 எல்லாம் 80 பின் ஒற்றைக் கனெக்டர் ஸ்கசி, பவரும் அதிலேயே வரும். சன் பிளேட் 1000-இல் அதே சாயலில் ஒன்று இருக்கும், ஆனால் அது 40 பின் ஃபைபர் சேனல். சன் அல்ட்ரா 5, 10 இரண்டும் சாதாரண ஐடிஇ. சன் என்றாலே ஸ்கசி என்று போய் நான் ஏமாந்தது அல்ட்ரா 10-இல்தான்.

#17 பழம்பெட்டி

இண்டி டிஸ்க்கில் மீட்டர் வரிசையாகக் கூவியது. 25-இல் மட்டும் அமைதி. முதல்முறையாக ஒரு டிஸ்க் எனக்குப் பதில் சொன்னது போல இருந்தது.

இனி சன் பெட்டி. எம்டி21 போர்டிலிருந்து வரும் 50 பின் ஸ்கசிக் கேபிளை நேராகப் பிசியில் இருக்கும் அடாப்டெக் 2940 கார்டுக்குக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். டிஸ்க்கும் போர்டும் பெட்டிக்குள் அப்படியே, ஜோடியாக. சரிதானா?

#18 பனங்கூடல்

சரியான வழி. லினக்ஸ் கெர்னலுக்குள்ள விசேஷக் கவனிப்புத் தேவைப்படுற ஸ்கசிச் சாமான்களின்ர பட்டியல் ஒண்டு இருக்கு, எமுலெக்ஸ் எம்டி21 அதில பேரோட நிக்குது. நெட்பிஎஸ்டி எண்ட இயங்குதளத்திலயும் இருக்கு. ஆரோ ஒராள் எங்களுக்கு முந்தி இந்த வழியால போயிருக்கினம்.

ரெண்டு விஷயம். கார்டின்ர பயோஸுக்குள்ள போய் எம்டி21 போர்டின்ர ஸ்கசி எண்ணுக்கு சின்க்ரனஸ் (வேகமான தரவுப் பரிமாற்ற முறை) பேச்சுவார்த்தையை நிப்பாட்டி விடுங்கோ, பழைய போர்டுகள் அதில குழம்பும். மற்றது, எம்டி21 ஒரே ஸ்கசி எண்ணுக்குக் கீழ ரெண்டு டிஸ்க்கை 0, 1 எண்டு உப எண் குடுத்து வைக்கும். சன் ஓஎஸ் இதைத்தான் எஸ்டி0, எஸ்டி1 எண்டு சொல்லும். உங்களிட்ட ஒரு டிஸ்க்தான், அதால 0 மட்டும் பதில் தரும். 1 தெரியேல்லை எண்டு பயப்பிட வேண்டாம்.

#19 காந்தவட்டு

பவர் கொடுக்கும் முன் என் பங்குக்கு இவ்வளவு செய்யுங்கள். ஷூபாக்ஸின் பவர் சப்ளையை டிஸ்க்கிலிருந்து பிரித்து, தனியாக ஓட்டி, 5 வோல்ட், 12 வோல்ட் இரண்டையும் அளந்து பாருங்கள். சில சப்ளைகள் சுமை இல்லாமல் நிற்காது, ஆகவே ஒரு பழைய கார் பல்பை 12 வோல்ட்டில் தொங்கவிடுங்கள். அளவு நிலையாக இருந்த பின்தான் டிஸ்க்.

1325-க்கு ஒரு நோய் உண்டு. தலை தாங்கும் கை ஓய்ந்து நிற்கும் இடத்தில் ஒரு ரப்பர்க் கட்டை இருக்கிறது, அது வயதாகிப் பிசின் போல ஒட்டும். மோட்டார் சுற்றும், கை மட்டும் அசையாது. 1355 அதே குடும்பம், அதே கவனம் வேண்டும். சுற்றிய பிறகு தலை நகரும் சத்தம் கேட்கவில்லையென்றால் திரும்பத் திரும்ப ஆன் ஆஃப் செய்யாதீர்கள். நிறுத்திவிட்டு இங்கே எழுதுங்கள். சத்தம் கேட்டுவிட்டால் நிறுத்தவே வேண்டாம், ஒரே மூச்சில் முழு இமேஜையும் எடுங்கள். மவுண்ட் செய்து கோப்பைத் தேடும் ஆசையை அன்றைக்கு மட்டும் அடக்குங்கள்.

#20 பழம்பெட்டி

நேற்று சாயங்காலம் சாரும் வந்திருந்தார். நாற்காலியைக் கதவோரம் போட்டு உட்கார்ந்துகொண்டார், பக்கத்தில் வரவில்லை.

சப்ளை 5.04, 12.1. கார் பல்பு எரிந்தது. டிஸ்க்கைச் சேர்த்து ஆன் செய்தேன். முதலில் மாவரைக்கும் மிஷின் கிளம்புவது போல ஒரு முனகல், அது ஏறி ஏறி ஒரே சுருதியில் நின்றது. பிறகு சில வினாடி ஒன்றும் இல்லை. எனக்கு வயிறு கலங்கியது. அப்புறம் ஒரு கனமான டொக், அதைத் தொடர்ந்து விறுவிறுவென்று சின்னச் சத்தங்கள். சார் கதவோரத்திலிருந்து, "ஆங், அதேதான், அதேதான்" என்றார்.

லினக்ஸ் கிளம்பும்போது திரையில் வரி வந்தது: எமுலெக்ஸ், எம்டி21/எஸ்2, இஎஸ்டிஐ. கறை மறைத்த அந்த இலக்கத்தைப் போர்டே வாய்திறந்து சொல்லிவிட்டது.

டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கும் டிடி கட்டளையை, பிழை வந்தாலும் நிற்காமல் அந்த இடத்தில் பூச்சியம் நிரப்பிக்கொண்டு போகும்படி கொடுத்தேன். 11 செக்டர் படிக்கவில்லை. மற்றதெல்லாம் வந்தது. கோப்பின் அளவு 14,17,70,752 பைட். சுவரில் ஒட்டிய தாளோடு ஒவ்வோர் இலக்கமாகச் சார்தான் ஒத்துப் பார்த்தார்.

#21 காந்தவட்டு

படித்துவிட்டு வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன், தம்பி. இமேஜை இரண்டு வேறு இடத்தில் நகல் வைத்துவிட்டீர்களா?

#22 பழம்பெட்டி

மூன்று இடத்தில், சார். நகலை யுஎஃப்எஸ் என்ற கோப்பு முறையின் சன் வகை என்று சொல்லிப் படிக்க மட்டும் மவுண்ட் செய்தேன். சாரின் அடைவில் 63 ஃபோர்ட்ரான் கோப்புகள். கரையான் தின்ற பக்கங்களில் இருந்த துணை நிரல் முழுதாக இருக்கிறது. படிக்காமல் போன 11 செக்டரில் ஒன்றுகூட அவர் கோப்புகளுக்குள் விழவில்லை.

பெட்டியை மூடுவதற்கு முன் உள்பக்கம் புதுச் சீட்டு ஒட்டியிருக்கிறேன்: "மைக்ரோபோலிஸ் 1355. இஎஸ்டிஐ. 34 + 20. எமுலெக்ஸ் எம்டி21-உடன் எழுதியது, போர்டைப் பிரிக்காதீர்." சிவப்புக் கோடு எந்த ஓரம் என்பதையும் படமாக வரைந்து வைத்திருக்கிறேன். பனங்கூடல் அக்கா, ஆர்எஃப்31-க்கு டிஎஸ்எஸ்ஐ உள்ள மெஷின் உங்கள் சேகரிப்பில் ஓடுகிற நிலையில் இருந்தால் சொல்லுங்கள். வாக்ஸ் இருந்த துறையில் அனுமதி வாங்கி அனுப்பி வைக்கிறேன்.

#23 பனங்கூடல்

மைக்ரோவாக்ஸ் 3400 ஒண்டு ஓடுது. அனுப்பேக்க டிஸ்க்கைச் சுத்தி ரெண்டு அங்குலத்துக்குக் குறையாமல் மெத்தைக் கடுதாசி வையுங்கோ, பேப்பர் உருண்டை வேண்டாம். அனுமதி கிடைச்ச உடன தனிமடல் போடுங்கோ, விலாசம் தாறன்.